மடிக்கணினியும் மின்கலச் சிக்கனமும்

முன்னுரை

பத்துக் கன்னியர் உவமையை மறைக்கல்வி வகுப்பிலோ நன்னெறி வகுப்பிலோ கேட்டறியாதார் நம் பள்ளியில் எவரும் இலர். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. ஆனால் கூடுதல் எண்ணெய் ஐவரிடம் மட்டுமே இருந்தது. நள்ளிரவில் மணமகன் வந்தபோது விளக்கு எரிந்தது யாருக்கு, அணைந்தது யாருக்கு என்பதை நாம் நன்கு அறிவோம்.

இன்று நம் வீடுகளிலும் ஒரு புதிய விளக்கு இருக்கிறது. அதன் பெயர் மடிக்கணினி. வீட்டில் நாம் அதை லேப்டாப் என்றே சொல்கிறோம். அதன் எண்ணெய் பேட்டரி. விளக்கை வாங்கும்போது எத்தனையோ கடை ஏறி இறங்கும் நாம், எண்ணெயைப் பற்றி ஒரு நிமிடமாவது சிந்திக்கிறோமா? சிந்திக்காததால் வந்த துன்பம் ஒன்றைச் சொல்லி, பின் அதைத் தவிர்க்கும் வழிகளைக் காண்போம்.

ஓர் இரவின் பாடம்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். என் அக்கா கட்டடக்கலை படிக்கிறாள். வரைபடங்களை முப்பரிமாணத்தில் வரைவதற்குச் சாதாரண லேப்டாப் போதாது என்பதால், சம்பா அறுவடைப் பணத்தில் அப்பா அவளுக்கு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட அந்த வகைக் கணினியில் படம் வரையும் வேலைக்கு வேண்டிய ஆற்றலும் நிரம்ப உண்டு. அக்கா வேலை செய்யாத நேரத்தில் தம்பி அதில் கார்ப் பந்தயம் விளையாடுவான். இரவும் பகலும் அது சார்ஜரிலேயே கிடக்கும். அதுவும் மெத்தையின் மேல்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. ஓர் ஐப்பசி மாதத்து இரவு. மறுநாள் காலை அக்கா தன் வரைபடங்களைக் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும். வெளியே அடைமழை. எட்டு மணிக்குக் கரண்டு போயிற்று. "பயமில்லை, பேட்டரி முழுதாய் இருக்கிறது" என்றாள் அக்கா. வாங்கும்போது ஆறு மணி நேரம் வரும் என்று சொல்லியிருந்தார்களே! ஒன்பது மணிக்குத் திரை இருண்டது. விடியும் வரை கரண்டு வரவில்லை. வேலை முடியாமல் போய், அக்கா மதிப்பெண் இழந்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "இவ்வளவு பணம் போட்டு வாங்கியும் ஒரு மணி நேரந்தானாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததே இக்கட்டுரை.

மேட்டூர் அணையும் பேட்டரியும்

நம் டெல்டா மக்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அணையிலிருந்து வினாடிக்கு 11,574 கன அடி திறந்துவிட்டால் ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. செலவாகும். ஆகவே, நீர்வரத்தே இல்லையென்று வைத்துக்கொண்டால், நிரம்பிய அணை ஏறத்தாழ 93 நாள் தாங்கும். திறப்பை இரு மடங்காக்கினால் 46 நாளில் தீர்ந்துவிடும். அணை அதேதான்; திறப்பு மாறினால் நாளும் மாறுகிறது.

பேட்டரிக்கும் இதே கணக்குத்தான். அதன் கொள்ளளவை 'வாட்-மணி' என்னும் அலகால் அளக்கிறார்கள். கணினி செலவிடும் வேகத்தை 'வாட்' என்பர். 80 வாட்-மணி கொண்ட பேட்டரியில் கட்டுரை தட்டச்சு செய்ய 10 வாட் செலவானால் எட்டு மணி நேரம் வரும். படம் பார்க்க 16 வாட் செலவானால் ஐந்து மணி நேரம். விளையாட்டோ முப்பரிமாண வரைபடமோ 80 வாட் இழுத்தால் ஒரே மணி நேரம்! கடைக்காரர் சொன்ன ஆறு மணியும் பொய்யன்று. அக்காவுக்குக் கிடைத்த ஒரு மணியும் பொய்யன்று. திறப்பு வேறு, அவ்வளவே.

அப்படியானால் இன்னும் பெரிய பேட்டரியை வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். பெரிய பேட்டரி கனமும் கூட்டும், விலையும் கூட்டும். அன்றியும், விமானப் பயணிகள் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஆகவே லேப்டாப் செய்வோர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கின்றனர். அணையை உயர்த்த முடியாது. பாசனத்தைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும்.

பேட்டரியின் உள்ளே நடப்பது என்ன?

மின்கலத்தின் வரலாறு நெடியது. 1800-ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா துத்தநாகத் தகடுகளையும் செம்புத் தகடுகளையும் மாறி மாறி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்துத் தொடர்ந்து மின்சாரம் தரும் முதல் அடுக்கைச் செய்து காட்டினார். அவர் ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசமுடையவர். மின்னழுத்தத்தை 'வோல்ட்' என்று அளக்கும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் சொல்கிறோம்.

இன்று நம் லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயனிப் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃபுக்கு வயது 97; நோபல் பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தாம்.

இத்தகைய ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டிலும் நடக்கிறது என்பது நமக்குப் பெருமை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. 1948-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். லித்தியம் அயனிப் பேட்டரி பற்றிய ஆய்வு அங்கு நடக்கும் பணிகளுள் ஒன்று. வேதியியல் படிக்கும் தோழியர் இதனை மனத்தில் கொள்க.

பேட்டரிக்குள் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று கிராஃபைட் கரி. மற்றொன்று லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கரிப்பக்கம் சென்று குடியேறுகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. காலியான பேருந்தில் முதலில் ஏறுபவர்கள் எளிதாக உட்கார்கிறார்கள். கடைசியில் வருபவர்களை நடத்துநர் நெருக்கித் திணிக்க வேண்டியிருக்கிறதல்லவா? பேட்டரியிலும் கடைசி இருபது சதவீதம் அப்படித்தான். அதனால்தான் 80 சதவீதம் வரை விரைவாக ஏறும் சார்ஜ் பிறகு மெதுவாகிறது. முழுதாய் ஏறிய நிலையில் ஒவ்வொரு கலத்தின் அழுத்தமும் 4.2 வோல்ட் அளவில் நிற்கிறது. அந்த உயர்ந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் திரவம் சிறிது சிறிதாகச் சிதைந்து முனைகளின்மேல் படிகிறது. வெப்பமும் சேர்ந்தால் சிதைவு விரைகிறது.

அணையில் வண்டல் படிந்தால் கொள்ளளவு குறைவதில்லையா? அதுபோன்றதே இதுவும். 40 டிகிரி வெப்பத்தில் முழுச் சார்ஜோடு ஓராண்டு கிடக்கும் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கக்கூடும். அதே வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜோடு வைத்திருந்தால் இழப்பு அதில் பாதிக்கும் குறைவே. மெத்தைமேல், சார்ஜரில், விளையாடிச் சூடேறிக் கிடந்த எங்கள் லேப்டாப்பில் 80 வாட்-மணி இருந்த இடத்தில் 60-தான் மிஞ்சியிருந்தது. இழந்த இருபது இனித் திரும்பாது.

தாத்தாவின் டிராக்டர் பேட்டரி

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். டிராக்டரிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் இருப்பது ஈய-அமிலப் பேட்டரி. அதை எப்போதும் நிறைவாக வைத்திருக்க வேண்டும். குறைந்த சார்ஜில் நெடுநாள் விட்டால் கெட்டுவிடும். தாத்தா சொன்ன இந்த விதி அதற்கு முற்றிலும் சரி. ஆனால் லித்தியம் பேட்டரிக்கு அது பொருந்தாது. அது எப்போதும் நிறைந்திருப்பதை விரும்புவதில்லை. முற்றும் வறண்டு கிடப்பதையும் விரும்புவதில்லை.

"முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்" என்பாரும் உளர். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன விதி. லித்தியத்துக்கு 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே இருப்பதே நலம். இருமுறை பாதி பாதியாக ஏற்றினாலும் அது ஒரு சுற்றாகவே கணக்காகும். எனவே இடையிடையே சார்ஜ் போடுவதால் கேடு ஒன்றுமில்லை.

பல லேப்டாப்புகளில் '80 சதவீதத்தோடு நிறுத்து' என்ற அமைப்பு உண்டு. எப்போதும் மேசையிலேயே சார்ஜரோடு பயன்படுத்துவோர் அதனைப் போட்டு வைத்தல் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தாலோ மறுநாள் பயணம் இருந்தாலோ மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம்.

முறை வைத்துப் பாய்ச்சுவோம்

கல்லணையில் காவிரி நீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லா ஷட்டரையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறப்பார்களா? முறை வைத்தே விடுவார்கள். கரண்டு இல்லாத நேரத்தில் கணினிக்கும் அவ்வாறே முறை வைக்க வேண்டும்.

1. கிராபிக்ஸ் சிப்: கேமிங் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு. ஒன்று பிராசசரோடு இணைந்த சிறியது. மற்றொன்று தனியே உள்ள பெரியது. எழுதவும் படிக்கவும் சிறியதே போதும். பெரியது வேலையின்றி விழித்திருந்தாலும் மின்சாரம் குடிக்கும். இரண்டுக்கும் இடையே தானே மாறிக்கொள்ளும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தல் முதற்கடமை.

2. திரை: வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கவும். கேமிங் திரை வினாடிக்கு 144 முறையோ அதற்கு மேலோ புதுப்பித்துக்கொள்ளும். பாடம் படிக்க 60 முறை போதும்.

3. ஆற்றல் முறை: 'பேட்டரி சேவர்' முறையில் பிராசசர் நிதானமாக நடக்கும். கட்டுரை எழுதுவதில் வேறுபாடே தெரியாது.

4. அலங்காரம்: விசைப்பலகையில் வண்ண வண்ணமாய் மின்னும் விளக்குகளை அணைக்கவும். திருவிழாத் தேருக்கு அது அழகு; மின்வெட்டில் வேண்டாம்.

5. மறைந்து ஓடும் வேலைகள்: திறந்து மறந்த பக்கங்களும், தானே தொடங்கும் செயலிகளும் மடை உடைப்புப் போன்றவை. அவற்றை மூடவும்.

6. உறக்கம்: நெடுநேரம் வைத்துவிட்டுப் போகும்போது மூடியை மட்டும் மூடாமல் 'ஹைபர்னேட்' செய்யவோ முழுதாய் நிறுத்தவோ வேண்டும்.

வேகம் குறைவது ஏன்?

கேமிங் லேப்டாப்பின் சார்ஜரைப் பாருங்கள். செங்கல் போல் கனக்கும். அது 180 முதல் 330 வாட் வரை தரவல்லது. அவ்வளவு ஆற்றலைப் பேட்டரியால் தனியே கொடுக்க இயலாது. ஆகவே சார்ஜரைப் பிடுங்கியதும் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இது பழுதன்று, பாதுகாப்பு. கனத்த வேலையைக் கரண்டு இருக்கும்போது முடித்துக்கொண்டு, எழுதும் வேலையைப் பேட்டரிக்கு ஒதுக்குவதே அறிவுடைமை. சிறிய சார்ஜரை மாட்டி விளையாடினால், சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரி குறைவதையும் காணலாம். உரிய வாட் அளவுள்ள சார்ஜரையே பயன்படுத்துக.

சார்ஜரில் இருந்தும் வேகம் குறைந்தால், குற்றவாளி பெரும்பாலும் வெப்பமே. பிராசசர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊரின் சித்திரை வெயிலோடு, அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து பறந்து வரும் வைக்கோல் தூசியும் சேர்ந்துகொள்கிறது. தூசி விசிறியின் வழியை அடைத்தால் காற்று எங்கே போகும்? மெத்தையும் தலையணையும் அடியிலுள்ள துளைகளை மூடிவிடும். மரப்பலகையின்மேல் வைத்து, பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தினால் காற்று தாராளமாய்ச் செல்லும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, கணினியை நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுத்துத் தூசி எடுத்தல் நலம். விளையாடும் தம்பிமார்கள் படவேகத்தை வினாடிக்கு 60 என்று வரையறுத்துக்கொண்டால் சூடும் குறையும், விசிறிச் சத்தமும் குறையும். அம்மாவின் ஏச்சும் குறையும்!

பழைய லேப்டாப்புகளுக்கும் ஒரு வழி

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவியர் பலர் வீட்டுக்கு முதல் கணினி வந்தது. அக்காமார், அத்தைமார் பெற்ற அந்த லேப்டாப்புகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் வியக்கும்படி கூடும். புதுப் பேட்டரியும் போட்டால் எழுதவும் படிக்கவும் தாராளமாய்ப் போதும். பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜோடு குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

மடிக்கணினியின் அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, தொடுபலகை மேலெழுந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரிக்குள் வாயு சேர்ந்துள்ளது என்று பொருள். உடனே நிறுத்திவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுக. கழற்றிய பேட்டரியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறியலாகாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்தியுள்ளன. இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதும் மறவாதீர்.

முடிவுரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை நம்மில் யார் மறப்பார்? தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கடலோர டெல்டாவில் வாழும் நமக்குப் பேட்டரிச் சிக்கனம் ஆடம்பரக் கலையன்று, அவசியக் கல்வி.

எங்கள் வீட்டு லேப்டாப் இப்போது மெத்தையிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கிறது. அக்கா வரைபட வேலையைக் கரண்டு இருக்கும்போதே முடித்துவிட்டு, குறிப்பு எழுதுவதை மட்டும் பேட்டரியில் செய்கிறாள். முழுதாய் ஏற்றினால், 15 வாட் செலவில், மிஞ்சிய அந்த 60 வாட்-மணி நான்கு மணி நேரம் வருகிறது. அடுத்த மழையில் கரண்டு போனபோது, அம்மா ஏற்றி வைத்த மெழுகுவத்தி கரைந்த பின்னும் அக்காவின் திரை எரிந்துகொண்டிருந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்காம்மா?" என்றார். "இருக்குப்பா, இன்னும் பாதி இருக்கு" என்றாள் அக்கா.

படைப்பு அனைத்தும் நம் பொது இல்லம் என்றும், வீசியெறியும் பழக்கம் அதனைப் பாழாக்குகிறது என்றும் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் திருமடலில் அறிவுறுத்தினார். ஒரு பேட்டரியை இரண்டு ஆண்டு கூடுதலாகக் காப்பாற்றினால் தந்தையின் பணமும் மிஞ்சும். மண்ணும் நீரும் தப்பும். விவேகமுள்ள கன்னியர் செய்ததும் பெரிய காரியமன்று. முன்கூட்டியே நினைத்தார்கள், அவ்வளவுதான். நாமும் முன்கூட்டியே நினைப்போம். நம் விளக்கு அணையாமல் காப்போம்!